திங்கட்கிழமை ஜீப்

என் மகள் நிரஞ்சலா பண்டாரவளையில் ஒரு மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு பேர் கேட்க என்னைத் திருடன் என்று சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லவில்லைதான். ஆனால் அவள் சொன்ன கதையைக் கேட்ட எவனுக்கும் வேறு சொல் தோன்றியிருக்காது. அதற்குக் கைதட்டல் வேறு. போதாக்குறைக்கு முதல் பரிசும் கொடுத்தார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. பூனாகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் துரையின் ஜீப் டிரைவர். துரை என்றால் தோட்ட மனேஜர். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் மழையில் நனைந்துகொண்டு நிற்கத் தேவையில்லாத ஆள் எங்கள் ஆறாம் நம்பர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நான் ஒருவன்தான். காக்கிச் சட்டை, இடுப்பில் ஜீப் சாவி, பதினாறு வருட சர்வீஸ். அந்தச் சாவியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று என் மனைவி வேலாயி சொல்வாள். 'கொஞ்சம்' என்று அவள் சொன்னது என் மேல் உள்ள அன்பினால்.

தோட்டத்துக்குக் கரண்ட் வராமல் இல்லை. ஃபெக்டரிக்கு வந்தது. ஃபெக்டரியிலிருந்து துரை பங்களாவுக்குப் போன கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் போனது. குருவிகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பியால் எங்களுக்குக் கிடைத்தது குருவி எச்சம் மட்டும்தான். இருபத்துநான்கு காம்பரா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது.

இப்படியிருக்க, எங்கள் லயத்துப் பெரியாயி அக்காவின் மகன் கொழும்பில் கடையில் வேலை செய்து ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டீவி வாங்கிக்கொண்டு வந்தான். கார் பேட்டரியிலும் ஓடும் டீவி. பேட்டரிக்கு எங்கே போவது? லயம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது.

துரை சனிக்கிழமை மத்தியானம் தன் சொந்தக் காரில் குடும்பத்தைப் பார்க்கப் போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவார். அதுவரைக்கும் ஜீப் கராஜில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் ஜீப்புக்குப் பேட்டரி எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான், பதில் சொன்னதும் நான்தான். சனிக்கிழமை பின்னேரம் பேட்டரியைக் கழற்றி, கொழுந்துச் சாக்கில் போட்டு, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வருவோம். டீவிக்கு ஒரு கம்பி, வாசலில் தொங்கவிட்ட பழைய ஹெட்லைட் பல்புக்கு ஒரு கம்பி. ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படம் முடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். இறங்க இறங்கத் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை இலங்கை வென்ற அன்றைக்குக் கடைசி ஓட்டம் எடுத்தபோது, எங்கள் திரையில் ஆட்டக்காரர்கள் கட்டைவிரல் அளவுதான் இருந்தார்கள். அதற்கே லயம் இடிந்து விழுகிற மாதிரிக் கத்தினோம்.

பேட்டரியைத் திரும்ப மாட்டினாலும் திங்கட்கிழமை காலையில் ஜீப் அசையாது. அதற்கும் வழி வைத்திருந்தோம். ஜீப்பை எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரித்தான் நிறுத்துவேன். பெரட்டுக்குப் போகிற வழியில் ஆறு பேர் வந்து கைவைத்துத் தள்ளுவார்கள். இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் இருமிக்கொண்டே எழும்பும். துரைக்கு இது பழகிப்போனது. "பனி ஈரம் புடிச்சிருதுங்க" என்று நான் சொல்வதை அவரும் நம்பினார். ஒரு நாள் அவசரத்தில் அவரே சப்பாத்துக் காலோடு சேற்றில் இறங்கித் தள்ளியும் இருக்கிறார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது. மூன்று வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றினோம். இதெல்லாம் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எல்லாருக்கும் தெரிந்ததால், இது ஒரு இரகசியம் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் லயத்தில் யாரும் பேசுவதில்லை. அதை நான் கடைசியில்தான் சொல்வேன்.

நிரஞ்சலா பண்டாரவளையில் பெரிய வகுப்புப் படித்தாள். விவாதப் போட்டிக்கு அவளைத் தெரிந்தெடுத்தார்கள். தலைப்பு, 'பெட்ரோல் வாகனங்களைக் கைவிட்டு மின்சார வாகனங்களுக்கு மாற வேண்டும்'. எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்களாம். அவளுக்கு விழுந்தது 'மாற வேண்டும்' என்ற பக்கம்.

"ஏன் பாப்பா, பெட்ரோல் வண்டிய ஒழிச்சுட்டா ஒங்கப்பன் எங்க போவான்?" என்று கேட்டேன்.

"நீங்க கரண்ட் ஜீப் ஓட்டுங்கப்பா."

"கரண்ட் ஜீப்பா? இந்த மலையிலயா? ரெண்டு நாள் டீவிக்கே பேட்டரி நாக்கத் தள்ளிருது. ஒரு டன் ஜீப்ப இழுக்குமா அது?"

"பெரிய பேட்டரியா வைப்பாங்க."

"அந்தப் பேட்டரிய ஏத்திட்டுப் போக இன்னொரு ஜீப் வேணும்."

இரண்டு வாரம் இதே பேச்சு. அடுப்படியில் அவள் ரொட்டி சுடுவாள், நான் பலகையில் உட்கார்ந்து அவளை மடக்குவேன். புகையைப் பற்றிச் சொல்வாள். அடுப்புப் புகையைக் காட்டி, அதைவிடவா என்பேன். எண்ணெய் ஒரு நாள் தீர்ந்துவிடும் என்பாள். அன்றைக்கு நான் பென்ஷன் போயிருப்பேன் என்பேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். மகளை ஜெயிப்பதில் அப்பனுக்கு ஒரு அசட்டுச் சந்தோசம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அவள் தோற்றுத் தோற்று என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை. நடுவர்கள் மூன்று பேரில் ஒருவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இரகுநாதன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ் நன்றாகப் படித்தவர், அதனால் பள்ளிக்கூடங்களில் இப்படிக் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் கடிதமெல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். ஒரு காற்புள்ளி பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற மனிதர். அவரைப் பண்டாரவளைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரத் துரை ஜீப்பைக் கொடுத்திருந்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஐயா முன்னால், மகள் பின்னால், டிரைவர் நான். இப்படி ஒரு பவனி எங்கள் வம்சத்தில் யாரும் போனதில்லை.

மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். எதிரணித் தலைவன் சிந்துஜன் என்ற பையன், பண்டாரவளையில் ஒரு டொக்டரின் மகன். தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பேசினான். "நடுவர் அவர்களே, மாற்றணியினரில் ஒருவர் தோட்ட லயத்திலிருந்து வருகிறார். அங்கே விளக்கு எரிக்க மின்சாரம் இல்லை. விளக்குக்கே வழியில்லாத மலையில் வாகனத்துக்கு மின்சாரமா? வழியில் மின்கலம் தீர்ந்துபோனால் யார் தள்ளுவது?" என்று கேட்டான். மண்டபம் சிரித்தது. எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனால் அவன் கேட்டதில் பொய் இல்லை.

நிரஞ்சலா எழுந்தாள். கையில் இருந்த தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"நாங்கள் தள்ளுவோம். எங்களுக்குப் பழக்கம் இருக்கிறது" என்றாள். சிரிப்பு அடங்கியது. "எங்கள் தோட்டத்து ஜீப்பின் தாங்கி நிறையப் பெட்ரோல் இருக்கும். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அது ஓரடி நகராது. ஏன் தெரியுமா? சனியும் ஞாயிறும் அதன் மின்கலம் எங்கள் லயத்தில் தொலைக்காட்சிக்கு ஓடியிருக்கும். ஒரு வாகனத்தின் மின்கலம் இருபத்துநான்கு வீட்டுக்கு இரண்டு நாள் உலகத்தைக் காட்டுகிறது. திங்கட்கிழமை நாங்கள் அந்த ஜீப்பைத் தள்ளுகிறோம். நடுவர் அவர்களே, தள்ளிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெட்ரோல் வண்டிக்கும் முதல் அடி எடுத்து வைக்க மின்சாரம்தான் வேண்டும். இல்லாவிட்டால் மனிதன் வேண்டும். முதல் அடிக்கு மின்சாரத்தை நம்புகிற நாம், அடுத்த அடிக்கு ஏன் நம்பக்கூடாது?"

கைதட்டல் எழும்பியது. சிந்துஜன்கூடத் தட்டினான். இரண்டு வாரமாக நான் அடுப்படியில் ஜெயித்த அத்தனையையும் அவள் ஒரு நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டாள் என்று என் நெஞ்சு விம்மியது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. பிறகுதான் நடுவர் மேசையைப் பார்த்தேன். இரகுநாதன் ஐயா கைதட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

முடிவு சொல்லுமுன் அவர் இரண்டு வார்த்தை பேசினார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தங்கை வீட்டில் ஒரு பழைய கார் இருந்ததாம். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், சின்னப் போத்தலில் வைத்த பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்களாம். கரண்ட் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் ரேடியோ கேட்டார்களாம். "எது நல்லது எண்டு விவாதம் செய்யிற வசதி எல்லாருக்கும் வாய்க்கிறதில்லை. கையிலை வந்ததை வைச்சு ஓடினவை கனபேர். அதை இண்டைக்கு இந்தப் பிள்ளை எனக்கு ஞாபகப்படுத்தினா" என்றார். நிரஞ்சலாவைச் சிறந்த பேச்சாளர் என்று அறிவித்தார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

திரும்பும்போதும் ஐயா முன்னால், மகள் பின்னால். அவள் மடியில் பரிசுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஐயா, "ரெங்கசாமி, காமிலின்ரை கடையடியிலை நிப்பாட்டும்" என்றார்.

காமில் நானா பேட்டரிக் கடைக்காரர். எங்கள் மூன்று பேட்டரியும் அவர் கடையில் வாங்கியவை. ஐயா இறங்கி உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா நின்றபடி ஏதோ சொல்ல, காமில் நானா எழுந்து நின்றுவிட்டார். பிறகு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

"நீங்க பழுதுபட்ட பற்றரி விக்கிறீங்கள் எண்டு மூண்டு கடிதம் என்ரை கையாலை எழுதினனான். ஒண்டிலை 'மோசடி' எண்ட சொல்லும் போட்டனான். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்" என்று ஐயா எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

காமில் நானா ஜீப் ஜன்னலுக்கு வந்தார். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "ரெங்கசாமிண்ணே, டீவி பாக்க ஒரு பழைய பேட்டரி வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்பேனே. கடைக்குப் பின்னால பத்துக் கெடக்கே" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மூன்று வருடம், ஒரு சனிக்கிழமைகூட அது எனக்குத் தோன்றவில்லை. கேட்டு வாங்குவது எங்களுக்கு வராது. இல்லையென்று சொல்லிவிடுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, கேட்காமல் எடுத்துப் பழகிவிட்டோம்.

ஜீப்பில் ஏறியதும் ஐயா சொன்னார். "என்ரை பிழைக்கு நான் போய்ச் சொல்லிப்போட்டன். உம்மடையதை நீர்தான் துரையிட்டைச் சொல்லோணும். திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு நான் எழுதத்தான் வேணும்."

பின்னாலிருந்து நிரஞ்சலா அழும் குரலில், "அப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு சொல்லிட்டேன்ப்பா" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். பதினாறு வருடம் வைத்திருந்த சாவியும் போகும். இதை ஒரு கிண்ணத்துக்காக விற்றுவிட்டாளே என்றுதான் எனக்கு ஓடியது.

அந்த வாரம் பேட்டரி லயத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு வந்தவர்கள் இருட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். திங்கட்கிழமை விடிந்தது. துரையை ஏற்றப் பங்களாவுக்குப் போக வேண்டும். வழக்கம்போல ஆறு பேர் கராஜ் வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சாவியைத் திருகினேன். ஒரே திருகில் ஜீப் சிங்கம் மாதிரி எழும்பியது. ஆறு பேரும் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பங்களா வாசலில் துரை காத்திருந்தார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். மணிக்கூட்டைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெங்கசாமி, இன்னைக்குத் திங்கக்கெழம தானே?"

"ஆமாங்க தொரை."

"எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

மூன்று வருடமாகப் பொய் சொன்னபோது நாக்கு ஒருதரமும் தடுமாறவில்லை. ஒழுங்காக நடந்துகொண்ட முதல் திங்கட்கிழமை மாட்டிக்கொண்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீவி, சாக்கு, பல்பு, கிரிக்கெட் வரைக்கும். அவர் ஜீப்பை ஒரு தடவை சுற்றி வந்தார். கடைசியில், "நான் கூட ஒரு நாள் தள்ளினேனே" என்றார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

வேலையிலிருந்து நீக்கவில்லை. நீயே வாயால் சொன்னதால் விட்டேன் என்று சொன்னார். ஜீப் வேறு ஒருவனுக்குப் போனது, நான் கவாத்து மலைக்குப் போனேன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற வேலை. பதினாறு வருடத்துக்குப் பிறகு பெரட்டில் போய் நின்று என் பெயரைக் கூப்பிடக் கேட்டேன். மழையும் பெய்தது. என் கையில் கொப்புளம் வந்ததைவிட, மேலே ரோட்டில் ஜீப் போகும் சத்தம்தான் அதிகம் வலித்தது. அவன் மூன்றாம் வளைவில் கியரை மாற்றத் தெரியாமல் மாற்றுவான். எனக்குப் பல் கூசும்.

நாலு வாரம் நான் மகளோடு பேசவில்லை. அவள் தேத்தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்பாள். நான் கோப்பையைப் பார்த்துக் குடிப்பேன். வேலாயி சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரஞ்சலா ஒரு கடிதத்தோடு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பதுளையில மாகாணப் போட்டியாம்ப்பா. அதே தலைப்பு. இந்தத் தடவ சீட்டுல எங்களுக்கு 'மாறக்கூடாது'ன்னு விழுந்திருக்கு. பெட்ரோல் பக்கம்."

நான் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பெட்ரோல் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா. நீங்க சொன்னா பேசுவேன். இல்லேன்னா பேரக் குடுக்க மாட்டேன்."

கத்தி நின்றுவிட்டது. பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டது பெட்ரோலைப் பற்றி. "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்த வருசம், பண்டாரவளையிலேருந்து ஒரு கேன்ல பெட்ரோலத் தூக்கிட்டு நடந்தே வந்தேன். ஜீப் ஓடுச்சு. கரண்ட்ட கேன்ல தூக்கிட்டு வர முடியுமா?" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாம தூக்கிட்டு வந்தோமேப்பா. சாக்குல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நாலு வாரம் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான், யாரும் பேசாத அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, அவளுக்குத் தெரியாததையும் சேர்த்து, அவளிடம் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், படம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, பெரியாயி அக்காவின் புருசன் சன்னாசி அண்ணனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். இரண்டு நாள் டீவிக்கு ஓடிய பேட்டரி. ஜீப் எழும்பவில்லை. லயமே திரண்டு வந்து தள்ளியது. கோயில் வளைவு தாண்டித்தான் எஞ்சின் பிடித்தது. முக்கால் மணி நேரம் போய்விட்டது. பண்டாரவளையில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சன்னாசி அண்ணன் பிழைத்தார். ஆனால் இடது கை தொங்கிப்போனது. இரண்டு வாரம் பேட்டரியைத் தொடாமல் இருந்தேன். பிறகு பெரியாயி அக்காவே வந்து, "மனுசன் படுத்துக் கெடக்காரு தம்பி, படமாச்சும் பாக்கட்டும்" என்று கேட்டாள். எப்படி மாட்டேன் என்பது?

"ஒரே பேட்டரிய சந்தோசத்துக்கும் வச்சு ஆபத்துக்கும் வச்சா, ஆபத்து வர்ற அன்னைக்கு அது காலியா இருக்கும் பாப்பா. பெட்ரோல யாரும் டீவிக்கு ஊத்த மாட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது" என்றேன்.

நிரஞ்சலா கடிதத்தை மடித்தாள். பிறகு கேட்டாள். "இத மேடையில சொல்லலாமாப்பா?"

போன தடவை அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டாள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "இரு, கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

ஆறு காம்பரா தள்ளித்தான் பெரியாயி அக்கா வீடு. வாசலில் வெயிலுக்கு சன்னாசி அண்ணன் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்திருந்தார். உள்ளே டீவியின் மேல் பெரியாயி அக்கா துணி விரித்து மூடியிருந்தாள். நான் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து, டொக்டர் சொன்னதைச் சொன்னேன். பேட்டரி காலியாக இருந்ததைச் சொன்னேன். மகள் மேடையில் இதைச் சொல்லலாமா என்று கேட்கிறாள் என்பதையும் சொன்னேன். பெரியாயி அக்கா உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமா அழுகையா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சன்னாசி அண்ணன் தொங்கிப்போன கையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வார்த்தை மெல்லத்தான் வரும்.

"அந்தப் படத்துல, தொலைஞ்சுபோன புள்ள அம்மாகிட்ட வந்து சேந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பெரியாயி அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. லயத்தில் எவருக்கும் தெரியாது. அன்றைக்குப் பேட்டரியைப் பிடுங்கியதோடு படமும் நின்றுவிட்டது. எல்லாரும் அவருக்காக ஜீப்பைத் தள்ளப் போய்விட்டோம்.

"ரெண்டு வருசமா யாராச்சும் சொல்வீங்கன்னு இருக்கேன்" என்றார். "ஒம் மகளச் சொல்லச் சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லட்டும். பதுளையில அத்தன பேர் வந்திருப்பாங்க, அதுல யாராச்சும் படத்தப் பாத்திருப்பாங்க. பேசி முடிச்சதும் முடிவு என்னான்னு கேட்டுட்டு வரச் சொல்லு."

நான் சரி என்றேன். திரும்பி வந்து மகளிடம் சொன்னேன். அவள் பேனாவை எடுத்து, பெட்ரோலைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், தாளின் தலையில் அந்தக் கேள்வியை எழுதிவைத்துக்கொண்டாள்.